ஆற்றோரம் மாடு வளர்ப்பவருக்குக் கைகொடுப்பது எப்படி: வேலிக்கு முன்னால் தொட்டி

ஆற்றோரம் மாடு வைத்திருப்பவரிடம் போய், "உங்க மாடுதான் ஆத்தைக் கெடுக்குது" என்று பேச்சை ஆரம்பித்தால் அதோடு முடிந்தது. அடுத்த முறை உங்களைத் தூரத்தில் பார்த்தாலே அவர் வேறு பக்கம் போய்விடுவார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் ஆற்றில்தான் இருக்கிறது, பிறகு அது வேறு எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு ஒரு பதிலோடு போனால்தான் மற்றதெல்லாம் நடக்கும்.

தன்னார்வலர்கள், கால்நடைப் பணியாளர்கள், நீர்நிலைக் குழுக்களில் இருப்பவர்கள், கீழ்ப்பக்கத்தில் அதே தண்ணீரைக் குடிப்பவர்கள் இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாடு வளர்ப்பவரே படித்தாலும் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் வேலியில் ஆரம்பிக்கிறார்கள். வேலி இரண்டாவது வேலை. மாடு ஆற்றுக்கு ஏன் போகிறதோ அந்தக் காரணத்தை முதலில் மேட்டில் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும், அதாவது தண்ணீர், நிழல், உப்பு. அதைச் செய்யாமல் போட்ட வேலி ஒன்று வெட்டப்படும், இல்லையென்றால் மாடு தாகத்தில் நிற்கும். இரண்டுமே யாருக்கும் நல்லதில்லை.

ஆற்றுக்குள் என்ன நடக்கிறது

பெரிய உடம்புள்ள கறவை மாடு ஒன்று ஒரு நாளில் போடும் சாணமும் மூத்திரமும் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும். சின்ன மாட்டுக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் விழுந்தால் அது உரம். தண்ணீரில் விழுந்தால் கதை வேறு. சாணத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். 5க்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் திணறல் ஆரம்பம். ஆகவே வெயில் காலத்தில், நீரோட்டம் குறைந்திருக்கும்போது, மாடுகள் அதிக நேரம் ஆற்றிலேயே நிற்கும் அதே நாட்களில்தான் ஆற்றுக்குத் தாங்கும் சக்தி மிகக் குறைவு.

மாடு தண்ணீருக்குள் இறங்கியதும் சாணம் போடும் என்பது மேய்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். நியூசிலாந்தில் ஷெர்ரி ஆற்றில் இதை அளந்தே பார்த்தார்கள். கறவை மந்தை ஒன்று ஆற்றைக் கடந்தபோது, வரும் வழியில் போட்டதைவிட, மீட்டருக்கு மீட்டர் கணக்குப் போட்டால், சுமார் 50 மடங்கு அதிகமாகத் தண்ணீருக்குள் போட்டிருந்தன. அதற்குப் பிறகு அந்தப் பகுதி மாடு வளர்ப்பவர்களே சேர்ந்து மந்தை கடக்கும் இடங்களில் பாலம் போட்டார்கள்.

அடுத்தது மண். மாடு இறங்கும் துறையைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். கரையின் விளிம்பில் குளம்பு பட்ட இடமெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்து, அதில் தண்ணீரும் மூத்திரமும் தேங்கி, அதற்கு மேல் புல் வேர் அறுந்து தொங்கும். அடுத்த மழையில் அந்த விளிம்பு அப்படியே சரிந்து விழும். விழுந்த வண்டல் கீழே போய்க் கூழாங்கற்களின் இடுக்கை அடைத்துக்கொள்ளும், மீன் முட்டையிடுவதும் பூச்சிகள் வாழ்வதும் அந்த இடுக்குகளில்தான். மண்ணோடு ஒட்டிக்கொண்டு பாஸ்பரசும் போகிறது. தேங்கிய நீரில் பச்சைப் பாசி பொங்குவதற்கு அதுதான் முக்கியத் தீனி.

நோய்க்கிருமிகளும் இருக்கின்றன. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை, கிரிப்டோஸ்போரிடியம், பிறகு எலிக்காய்ச்சல் கிருமி. இவை கீழ்ப்பக்கத்து மனிதர்களை மட்டுமல்ல, கீழ்ப்பக்கத்து மாடுகளையும் பிடிக்கும். மிதிபட்டுச் சகதியான கரையில் பெருகும் நத்தைகள் வழியாகக் கல்லீரல் புழு வருகிறது. மாடு வளர்ப்பவரிடம் பேசும்போது இங்கிருந்து ஆரம்பியுங்கள். மீனைப் பற்றிப் பிறகு பேசலாம், அவருடைய மாட்டின் கல்லீரலைப் பற்றி முதலில் பேசுங்கள்.

மழை பெய்யும்போது நடந்து பாருங்கள்

வெயில் நாளில் போய் நிலத்தைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். நல்ல மழை நாளில், குடையோ மழைக்கோட்டோ எடுத்துக்கொண்டு, நிலத்துக்காரரோடு சேர்ந்து நடங்கள். அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள், ஏனென்றால் தண்ணீர் எங்கே ஓடும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கொட்டகைக் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீர் எங்கே போகிறது? சாணக் குவியலின் அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கசிகிறதா, அந்தக் கோடு எந்த வாய்க்காலில் சேர்கிறது? மாடுகள் தினமும் நடக்கும் தடம் நேராக ஆற்றை நோக்கிச் சரிகிறதா? தடமே மழையில் ஓடையாக மாறிவிடும், அதில் கிடக்கும் சாணமெல்லாம் ஒரே மழையில் ஆற்றில். தீவனம் போடும் இடம் பள்ளத்தில் இருக்கிறதா? இதையெல்லாம் ஒரு காகிதத்தில் படமாக வரைந்து, தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டு, நிலத்துக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அந்தப் படம் அவருடையது. நீங்கள் எடுத்துக்கொண்டு போனால் புகார் கொடுக்கத்தான் வரைந்தீர்கள் என்று நினைப்பார், நினைப்பதில் தப்பும் இல்லை.

இப்படி நடந்தால் ஒன்று புரியும். மொத்த நிலமும் ஆற்றைக் கெடுப்பதில்லை. நாலைந்து இடங்கள்தான், அந்த இடங்களிலிருந்துதான் அழுக்கின் பெரும்பகுதி போகிறது. அவற்றைச் சரிசெய்தால் போதும் என்று தெரிந்ததும் அவர் முகத்திலேயே ஒரு நிம்மதி தெரியும்.

தொட்டி

இங்கேதான் உங்கள் உழைப்பையும் கையிலிருக்கும் பணத்தையும் அதிகமாகப் போட வேண்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1990களில் ஒரு சோதனை செய்தார்கள். வேலியே போடாமல், ஆறு ஓடும் மேய்ச்சல் நிலத்தில் ஊற்றுத் தண்ணீர் வரும் தொட்டியை மட்டும் வைத்தார்கள். ஆறு திறந்தே கிடந்தும், மாடுகள் தண்ணீர் குடித்த நேரத்தில் 92 சதவீதம் தொட்டியில்தான் குடித்தன. கரை அரிப்பு 77 சதவீதம் குறைந்தது. கொஞ்சம் யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சகதியில் இறங்கி, வழுக்கும் சரிவில் நின்று, கலங்கிய தண்ணீரைக் குடிக்க எந்த மாட்டுக்கும் ஆசை கிடையாது.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் நடந்த ஆய்வு இதைவிட மாடு வளர்ப்பவருக்கு நெருக்கமானது. குட்டையில் நேராக இறங்கிக் குடித்த கிடேரிகளைவிட, தொட்டியில் சுத்தமான தண்ணீர் குடித்த கிடேரிகளுக்கு எடை கூடியது 20 சதவீதத்துக்கும் மேல் அதிகம். நல்ல தண்ணீர் என்றால் மாடு நிறையக் குடிக்கும், நிறையக் குடித்தால் நிறைய மேயும். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆற்றுக்காக அவர் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

தொட்டியை எங்கே வைப்பது? ஆற்றிலிருந்து தள்ளி, மேடான, தண்ணீர் நிற்காத இடத்தில். மாடு மேயும் இடத்திலிருந்து 200, 250 மீட்டருக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் தனக்குத் தாகம் எடுக்கும்போது வந்து குடித்துவிட்டுப் போகும். அதற்கு மேல் தூரம் என்றால் மந்தையாகத்தான் வரும், வந்தால் முட்டிமோதும், சின்னக் கன்றுகளுக்குக் கடைசியில் மிஞ்சியதுதான் கிடைக்கும். ஒரு மாடு நாளொன்றுக்கு 50 லிட்டர் குடிக்கலாம், கறவை மாடு வெயில் காலத்தில் 100 லிட்டரையும் தாண்டும். மந்தை பெரிதாக இருந்தால் தொட்டியின் அளவைவிட, குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்பதுதான் முக்கியம். தொட்டி காலியாக இருப்பதை மாடு இரண்டு தடவை பார்த்துவிட்டால் நேராக ஆற்றுக்குத்தான் போகும்.

அடித்தளத்தை மறக்காதீர்கள். தொட்டியைச் சுற்றி ஒரு மாடு நிற்கும் நீளத்துக்காவது சரளைக்கல்லோ கான்கிரீட்டோ போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும், இல்லையென்றால் ஆற்றங்கரையில் இருந்த சகதி இங்கே வந்துவிடும். மிதவை வால்வு போட்டு, மாட்டின் மூக்கு எட்டாதபடி அதற்கு மூடி போடுங்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் வெளியேற ஒரு குழாய் வைத்து, அந்தத் தண்ணீரைப் புல்லுக்குத் திருப்புங்கள். தொட்டிக்குள் விழுந்த பறவையும் அணிலும் ஏறி வெளியே வர ஒரு சாய்ந்த பலகையோ கல்லோ போடுங்கள், செத்துக் கிடந்தால் அந்தத் தண்ணீரை மாடு தொடாது.

மின்சாரம் இல்லாத இடம் என்றால்? மேட்டில் ஊற்று இருந்தால் குழாயில் தானாக இறங்கும். இல்லையென்றால் சூரிய ஒளி பம்ப் வைத்து, மேகமூட்டமான நாட்களுக்காக இரண்டு மூன்று நாள் தண்ணீர் தாங்கும் மேல்நிலைத் தொட்டி ஒன்றும் வையுங்கள். நீர் விழும் உயரம் கொஞ்சம் இருந்தால் ஹைட்ராலிக் ராம் பம்ப், ஓடும் நீரின் விசையிலேயே ஒரு பங்குத் தண்ணீரை மேலே தள்ளும். எரிபொருளே வேண்டாம், டக் டக் என்று இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். சின்ன மந்தைக்கு மூக்கால் தள்ளும் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் ஒரு நெம்புகோல். மாடு கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் தண்ணீரைக் குடிக்க மூக்கை நுழைக்கும், நெம்புகோல் பின்னால் போகும், உறிஞ்சு குழாய் வழியாக அடுத்த மடக்கு வந்து விழும். ஒரு மாடு கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். சின்னக் கன்றுக்கு மட்டும் அதைத் தள்ளும் பலம் இருக்காது, அதற்குத் தனியாகத் தண்ணீர் வைக்க வேண்டும்.

நிழலும் உப்பும், எருமையும்

தாகம் தீர்ந்த பிறகும் மாடு ஆற்றோரம் படுத்துக் கிடந்தால் அது நிழலுக்காக. மேட்டில் மரம் வளரும் வரை தற்காலிகமாக நிழல்வலைப் பந்தல் போடலாம், நகர்த்தக்கூடிய சட்டகத்தில் போட்டால் இன்னும் நல்லது, ஒரே இடத்தில் சாணம் குவியாது. உப்புக்கட்டி, தாது உப்பு, கூடுதல் தீவனம் எதுவாக இருந்தாலும் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள். இதற்குச் செலவே இல்லை, இன்றைக்கே செய்யலாம். ஆனால் உப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடாதீர்கள், மாடு அங்கேயே நின்றுவிடும்.

எருமை வேறு மாதிரி. அதற்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோல் கறுப்பு, வெயிலில் நீரில் படுக்காமலோ உடம்பு நனையாமலோ எருமையால் உடம்புச் சூட்டை எளிதில் இறக்க முடியாது. எருமையை ஆற்றிலிருந்து விலக்கச் சொல்பவர், அது எங்கே படுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆற்றோடு சேராத தனிக் குட்டை ஒன்று வெட்டிக் கொடுங்கள், அல்லது கொட்டகையில் தெளிப்பான். குட்டை வழிந்தால் அந்தத் தண்ணீர் புல் நிலத்துக்குப் போக வேண்டும், வாய்க்காலுக்கு அல்ல.

இப்போது வேலி

தொட்டி நன்றாக ஓடி, மாடுகள் அதற்குப் பழகிய பிறகு வேலியைப் பற்றிப் பேசுங்கள். அப்போது பேச்சு எளிதாக இருக்கும்.

எவ்வளவு தள்ளிப் போடுவது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. 2020இல் நியூசிலாந்து கொண்டுவந்த விதிகள் 3 மீட்டர் என்று சொல்கின்றன. அது குறைந்தபட்சம். சரிவு அதிகமுள்ள இடத்தில், மழைநீர் ஒன்றுசேர்ந்து இறங்கும் பள்ளங்களில், 10 மீட்டரோ அதற்கு மேலோ விட்டால்தான் புல்லும் செடியும் ஓடிவரும் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் பிடிக்கும். ஒரே அளவில் நேர்கோடு போட வேண்டிய அவசியமில்லை. வளைவின் வெளிப்பக்கம் ஆறு அறுத்துக்கொண்டே வரும், அங்கே நிறைய விடுங்கள். தண்ணீர் சேராத மேட்டுப் பகுதியில் குறைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை விட்டுக்கொடுப்பவர் அவர், ஆகவே எங்கே விட்டால் பயன் அதிகமோ அங்கே மட்டும் கேளுங்கள்.

வெள்ளம் வரும் இடத்தில் கனமான வேலி போட்டால் குப்பை மாட்டி, வேலியோடு தூணும் பெயர்ந்து போகும். ஒற்றை மின்கம்பி வேலி போதும், போனாலும் மறுபடி கட்டுவது சுலபம். கம்பிகளை ஆற்றுக்கு இணையாக ஓடவிடுங்கள். ஓடையைக் கடக்க வேண்டிய இடத்தில் மேலே ஒரு கம்பி கட்டி, அதிலிருந்து வெள்ளத்தில் தூக்கிக்கொள்ளும்படி பலகையோ சங்கிலியோ தொங்கவிடுங்கள்.

உள்ளே என்ன நடுவது? அந்த ஆற்றங்கரையில் ஏற்கனவே தானாக நிற்கும் மரங்களையும் நாணலையும் கோரையையும் பாருங்கள், அவைதான். தண்ணீர் விளிம்பில் வேர் அடர்ந்த புல்வகை, அதற்கு மேல் புதர், மேட்டில் மரம். மரநிழல் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும், ஆக்சிஜன் தங்கும். முதல் இரண்டு மூன்று வருடம் களை ஏறும், இதைப் பற்றித்தான் மாடு வளர்ப்பவர்கள் அதிகம் குறைப்படுகிறார்கள், அது உண்மையும்கூட. ஆகவே செடி நடும் நாளில் கூட்டமாக வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதைவிட, அடுத்த வருடம் களை எடுக்க நாலு பேர் வருவது பெரிய உதவி. வெள்ளம் வடிந்த மறுநாள் வேலி கட்ட வருவது அதைவிடப் பெரியது.

வேலியே முடியாத நிலம் என்றால், கரையோரத்தைத் தனிப் பட்டியாக நினைத்து, மண் ஈரமாக இல்லாத நாட்களில், குறைந்த நேரம், மேய்ப்பவர் கூடவே இருந்து மேய்க்கலாம். மழைக்காலத்தில் மட்டுமாவது விலக்கி வைத்தால்கூடக் கரைக்கு நல்ல மாற்றம் தெரியும்.

கடக்கும் இடம்

ஆற்றுக்கு அக்கரையிலும் நிலம் இருந்தால் கடந்துதான் ஆக வேண்டும். பாலம் போட முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால், ஆறு நேராகவும் ஆழம் குறைவாகவும் ஓடும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் கல் பதித்துக் கெட்டிப்படுத்தி, இரண்டு பக்கமும் வேலி கட்டி ஒடுக்கமாக்குங்கள். மாட்டுக்கு அங்கே நிற்கத் தோன்றக்கூடாது, கடந்து போய்விட வேண்டும். குழாய் போட்டு மேலே மண் கொட்டிப் பாதை அமைப்பதானால் குழாயின் அடிப்பகுதி ஆற்றுப் படுகைக்குக் கீழே புதைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் வாயில் தண்ணீர் அருவி மாதிரி விழும், மீன் ஏற முடியாது. ஆற்றுக்குள் எந்தக் கட்டுமானம் என்றாலும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், அந்த அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கொட்டகைப் பக்கம்

மேய்ச்சல் நிலத்தில் இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கொட்டகையை விட்டுவிடுபவர்கள் நிறைய. மாடுகளைக் கட்டிப்போட்டு வளர்க்கும் இடங்களில் பிரச்சினையே இங்கேதான்.

முதல் விதி: சுத்தமான தண்ணீரையும் அழுக்குத் தண்ணீரையும் சேரவிடாதீர்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். ஒரு நல்ல மழைக்கு 50 மில்லிமீட்டர் பெய்தால் 5000 லிட்டர் தண்ணீர் கூரையிலிருந்து சாணத் தரைமேல் விழுந்து, எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகிறது. கூரை விளிம்பில் ஒரு தகரக் கால்வாயும் இறங்கு குழாயும் பொருத்தினால் அந்த 5000 லிட்டரும் சுத்தமாகவே வெளியே போகும், சேமித்தால் தரை கழுவவும் ஆகும். ஆற்றைக் காக்கும் வேலைகளில் இவ்வளவு சுலபமாக இவ்வளவு பயன் தருவது வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாணக் குவியல் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே, வாய்க்காலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, அடியில் கசியாத தளத்தில் இருக்க வேண்டும். மேலே கூரை, அதுவும் முடியாவிட்டால் தார்ப்பாய். மூடிவைத்த எருவில் நைட்ரஜன் தங்கும், மழையில் கரைந்து ஆற்றுக்குப் போவது அவர் வயலுக்குப் போயிருக்க வேண்டிய உரம்தான். சாண எரிவாயுக் கலன் இருந்தால் நல்லது, ஆனால் கலனிலிருந்து வெளிவரும் கரைசலிலும் அதே நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கின்றன, அதைச் சுத்தமான தண்ணீர் என்று நினைத்து ஓடையில் விடக்கூடாது.

எது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துகொள்ள ஒரு அளவுகோல் இருக்கிறது, ஒரு லிட்டர் கழிவைச் செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. வீட்டுச் சாக்கடைக்குச் சுமார் 300 மில்லிகிராம். மாட்டுச் சாணக் கரைசலுக்கு 10,000 முதல் 20,000. சைலேஜ், அதாவது காற்றுப் படாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம், அந்தக் குழியிலிருந்து கசியும் சாறுக்கு 30,000 முதல் 80,000. பாலுக்கு 1,40,000. ஆமாம், கெட்டுப்போன பாலை ஓடையில் ஊற்றுவது சாக்கடையைத் திறந்துவிடுவதைவிடப் பலநூறு மடங்கு மோசம். வெள்ளையாக, சுத்தமாகத் தெரிவதால் யாரும் இதை நம்புவதில்லை. கெட்ட பாலைச் சாணக் குழியில் ஊற்றுங்கள். சைலேஜ் போடுபவர்கள் தீவனப் பயிரை வாடவைத்து ஈரத்தைக் குறைத்த பிறகு குழியில் இட்டால் சாறு மிகவும் குறைந்துவிடும்.

எருவை நிலத்தில் போடும்போது நாளைப் பார்த்துப் போட வேண்டும். மழை வரப்போகிறது, இப்போதே போட்டால் மண்ணில் இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். பெருமழை என்றால் இறங்காது, ஓடிவிடும். ஏற்கனவே தண்ணீர் குடித்து ஊறிய மண்ணிலும் போடக்கூடாது. இங்கிலாந்தில் 2018 முதல் உள்ள விதிப்படி ஆறு, ஓடையிலிருந்து 10 மீட்டருக்குள்ளும், ஊற்று, கிணற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் எரு போடக்கூடாது. எங்கே இருப்பவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல அளவு அது. மண் பரிசோதனை செய்து பாருங்கள், பல வருடம் எரு போட்ட நிலத்தில் பாஸ்பரஸ் ஏற்கனவே போதுமான அளவு இருக்கும். அந்த எருவைத் தூரத்தில் உள்ள வயலுக்கு ஏற்றிப் போக ஒரு வண்டி ஏற்பாடு செய்வதுகூட ஆற்றுக்குச் செய்யும் உதவிதான்.

மருந்து

உண்ணி மருந்துகளில் இருக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை மிகமிகக் குறைந்த அளவிலேயே நீர்ப் பூச்சிகளையும் மீனையும் கொல்லும். பிரிட்டனில் செம்மறி ஆடுகளை முக்கியெடுக்கும் சைபர்மெத்ரின் மருந்தின் விற்பனையை 2006இல் நிறுத்திவைத்ததற்குக் காரணமே ஓடைகளில் நடந்த அழிவுதான். மருந்து அடித்த மாட்டை அன்றே ஆற்றில் இறக்காதீர்கள், எத்தனை நாள் என்பது மருந்துச் சீட்டில் இருக்கும். தெளிப்பானையும் டப்பாவையும் ஆற்றில் கழுவாதீர்கள். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தில் மருந்து சில வாரம் வரை வெளிவரும், சாணத்தை உருட்டி மண்ணுக்குள் கொண்டுபோகும் வண்டுகளின் குஞ்சுகள் அதில் சாகும். வண்டு இல்லாத நிலத்தில் சாணம் மேலேயே கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். குடற்புழு மருந்தை எல்லா மாட்டுக்கும் நாள் கணக்கு வைத்துக் கொடுக்காமல், சாணப் பரிசோதனை செய்து தேவைப்படுவதற்கு மட்டும் கொடுக்க கால்நடை மருத்துவரிடம் பேசிப் பாருங்கள்.

மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பது

ஆய்வுக்கூடம் இல்லாமலே நிறையப் பார்க்கலாம். நிலத்துக்கு மேல்பக்கம் ஒரு இடம், கீழ்ப்பக்கம் ஒரு இடம். இரண்டையும் பார்க்காமல் கீழ்ப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிலத்துக்காரர் மேல் பழி போடுவது அநியாயம், அழுக்கு அவருக்கு மேலிருந்தே வந்திருக்கலாம்.

ஓடும் தண்ணீரில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றைப் புரட்டி, அடிப்பக்கத்தை மேலே திருப்பிப் பாருங்கள். ஒரு நிமிடம் அசையாமல் பார்க்க வேண்டும். நல்ல ஆறு என்றால், தட்டையாகக் கல்லோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் மூன்று மெல்லிய வால் இழையோடு, உடம்பின் இரண்டு ஓரத்திலும் செவுள் படபடக்க ஓடும் பூச்சிக் குஞ்சுகள் இருக்கும். மணல் துகள்களை ஒட்டவைத்துக் குழல் மாதிரி வீடு கட்டி, தலையை மட்டும் நீட்டும் புழுக்கள் இருக்கும். ஆக்சிஜன் குறைந்த ஆற்றில் இவை எதுவும் இருக்காது, நெளியும் சிவப்புப் புழுக்கள் மட்டும் மிஞ்சும். மாடு வளர்ப்பவரின் பிள்ளைகளைக் கூப்பிட்டு இதைக் காட்டுங்கள். வீட்டில் அன்று இரவு அதுதான் பேச்சாக இருக்கும், நீங்கள் பத்துத் தடவை சொல்வதற்கு அது சமம்.

கரையை ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், ஒவ்வொரு பருவத்திலும் புகைப்படம் எடுத்து வையுங்கள். பார்த்ததையும் படங்களையும் முதலில் நிலத்துக்காரரிடம் காட்டுங்கள். அவர் பெயரோடு எதையும் வெளியிடாதீர்கள்.

செலவு யாருடையது

2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்ட்டன் நகரில் பெருமழைக்குப் பிறகு மாட்டு எருவிலிருந்த ஈ.கோலை ஊர்க் கிணற்றில் கலந்தது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2300 பேர் நோயில் விழுந்தார்கள். விசாரணையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்தப் பண்ணைக்காரர் செய்ய வேண்டியதை முறையாகச் செய்திருந்தார், அவர் மேல் குற்றமில்லை என்றார்கள். கிணறு இருந்த இடமும் குளோரின் கலப்பதைக் கண்காணிக்காததும்தான் காரணம். ஒழுங்காக நடந்துகொண்ட ஒருவரால் மட்டும் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது என்பதால்தான் கீழ்ப்பக்கம் இருப்பவர்களும் பங்கெடுக்க வேண்டும் என்கிறேன்.

நியூயார்க் நகரம் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 1990களில், குடிநீருக்காகப் பிரம்மாண்டமான வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் மாடு வளர்ப்பவர்களுக்குச் சாணச் சேமிப்பு, வேலி, தொட்டி, பாலம் எல்லாவற்றுக்கும் நகரமே பணம் கொடுத்தது. திட்டத்தை நடத்தும் குழுவில் விவசாயிகளே உட்கார்ந்தார்கள், சேருவது அவரவர் விருப்பம். 1997இல் நகரத்துக்கும் மேல்பகுதி ஊர்களுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த மலைத் தண்ணீர் இன்றைக்கும் வடிகட்டப்படாமல் போகிறது.

உங்கள் குழு சின்னதாக இருக்கலாம். அப்படியென்றால் ஒரே ஒரு ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் மேல்கோடியில் இருக்கும் நிலத்தில் ஆரம்பியுங்கள், கீழே இருப்பவருக்கு நல்ல தண்ணீர் வந்தால் அவருக்கே அடுத்ததாகச் சேரத் தோன்றும். குழாய், வால்வு, சரளை வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், வால்வு கெட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரசு உதவித்தொகை இருந்தால் விண்ணப்பத்தை நீங்களே பூர்த்தி செய்து கொடுங்கள். பால் கறந்து, தீவனம் போட்டு, சாணம் அள்ளி முடித்தவருக்குப் படிவம் நிரப்ப நேரம் இருக்காது.

எவ்வளவு நாளில் பலன் தெரியும் என்று கேட்பார்கள், பொய் சொல்லாதீர்கள். கலங்கலும் கிருமிகளும் மாடு விலகிய அதே பருவத்தில் குறைய ஆரம்பிக்கும். கரையில் புல் மூட ஓரிரு வருடம். படுகையில் ஏற்கனவே படிந்த பாஸ்பரஸ் இன்னும் நாள் பிடிக்கும். எருவின் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, நிலத்தடி நீர் வழியாக மெதுவாக ஊர்ந்து ஆற்றுக்கு வருவதால், இன்று எருவைச் சரியாகப் போட்டாலும் ஆற்றில் அது குறையச் சில இடங்களில் பத்து, இருபது வருடம்கூட ஆகலாம். இதை முதல் நாளே சொல்லிவிட்டால், மூன்றாவது வருடம் நைட்ரேட் அளவு அப்படியே இருப்பதைப் பார்த்து அவர் வேலியைப் பிடுங்க மாட்டார்.